மைனஸ் ஐம்பதுக்குக் கீழே முப்பத்தொன்பது நாள்

தாஸ்-எபெ
12 அக்டோபர் 1997

தம்பி ப்ரோகோபிக்கு அக்கா அகுலினா எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி வழக்கம்போல முதல் பனியோடு வந்து உட்கார்ந்துகொண்டது. நீ நலமா? சர்கிலானாவுக்கு ஆறு மாதமாகியும் விடாத மசக்கை வாந்தி குறைந்ததா? அவள் அம்மாவும் தங்கைகளும் இன்னும் உங்கள் ஒற்றை அறையில்தான் படுக்கிறார்களா?

லாரிக்கார கேஷா நீ கொடுத்தனுப்பிய உறையைத் தந்தான். உங்கள் சுற்றுலா அலுவலகம் அச்சடிக்கப் போகும் 'வடக்கின் வியப்புகள்' புத்தகத்தைப் படித்தேன். படித்துவிட்டுக் கை கழுவினேன். குருவிகள் பறக்கும்போதே உறைந்து பொத்தென்று விழுகின்றனவாம். எங்கள் குதிரைகள் பசித்தால் மாமிசம் தின்னுமாம். கரடிகள் குளிர் தாங்காமல் வீட்டுக் கதவைத் தட்டுமாம். எவன்டா எழுதினான் இதை? நீயேதான் என்றால் எனக்குச் சொல்லாதே, தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன்.

பக்கத்து வீட்டு தாரியா பால் கொண்டுவந்தபோது அவளுக்கும் படித்துக் காட்டினேன். குதிரை மேய்க்கிற கவ்ரிலின் மனைவிதான், உனக்கு நினைவிருக்கும், சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். "அக்கா, உங்க தம்பி இங்கதான பொறந்தாரு? சின்ன வயசுல ஒரு குருவி கல்லு மாதிரி தலயில விழுந்திருக்கும் போல" என்று சொல்லிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

வியப்புத்தானே வேண்டும்? உண்மையையே எழுதேன். நம் ஏரிக்கரைப் பனிக்கட்டிக்குள் விறைத்துக் கிடக்கும் பல்லி மாதிரியான அந்தப் பிராணியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து நடக்கும். ஜனவரியில் மைனஸ் அறுபது, ஜூலையில் முப்பத்துமூன்று, அதே முற்றம், அதே நாய். மேட்டில் இருக்கும் பழைய சுரங்கக் குடிசையைவிடப் பள்ளத்தில் இருக்கும் நாம் பதினைந்து டிகிரி அதிகமாக விறைக்கிறோம், ஏனென்றால் குளிர் கனமானது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தேங்கும். இதெல்லாம் பொய்யைவிட விசித்திரம். ஆனால் உண்மையை எழுதினால் உங்கள் அலுவலகத்தில் சம்பளம் தரமாட்டார்கள் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும் பார்த்துக்கொள்.

அகுலினா


யாகுத்ஸ்க்
3 நவம்பர் 1997

என் அருமை அக்காவுக்கு, ப்ரோகோபியின் வணக்கம். நாங்கள் நலம். உன் முழங்காலுக்கு ஒரு களிம்பு கேஷாவிடம் தந்திருக்கிறேன், தாராளமாகத் தேய்த்துக்கொள்.

திட்டு வாங்கினேன், சரி. குருவியை எடுத்துவிட்டேன், குதிரையையும் எடுத்துவிட்டேன். கரடி மட்டும் இருக்கட்டும் என்கிறார் எங்கள் தலைவர்.

ஆனால் அக்கா, பொய்யே தேவைப்படாத ஒன்று கிடைத்திருக்கிறது. மிகக் குளிர்ந்த ஊர் எது என்று ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள், அதில் நமக்கு இடமில்லை. தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை! பகலிலும்கூட மைனஸ் ஐம்பதுக்கு மேலே ஒரு தடவையும் ஏறாத நாட்கள். பழைய பதிவுகளைப் புரட்டினேன். பொரோ-அலாஸ் ஊரில் ஒரு குளிர்காலத்தில் முப்பத்தெட்டு நாள். அதற்கு மேல் யாருக்கும் இல்லை. நம் ஊருக்கு முப்பத்தொன்பது கிடைத்தால் போதும். ஐம்பது என்பது சும்மா வைத்த எண்ணும் அல்ல. அதற்குக் கீழே போனால் ஹெலிகாப்டர்கூட எழும்பாது. ஊரே உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் நாட்கள்! வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் வேலை மார்ச்சோடு முடிகிறது. இது நடந்தால் நிரந்தரமாக்குகிறேன் என்று தலைவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நிரந்தர ஆளுக்கு இரண்டு அறை வீடு உண்டு. அறுவர் இருக்கும் அறையில் ஏழாவதாக ஒரு குழந்தையை எங்கே படுக்க வைப்பது?

உன் வானிலை நிலையத்து வெப்பமானியை நன்றாகப் பார்த்துக்கொள்!

அன்புத் தம்பி
ப்ரோகோபி


தாஸ்-எபெ
28 நவம்பர் 1997

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். களிம்பு வந்தது. நாற்றம் தாங்கவில்லை, நாய் வெளியே போய்விட்டது. வலி போகவில்லை. சர்கிலானாவின் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைக்கச் சொல்.

துண்டிக்கப்பட்டுக் கிடப்பது பெருமையா? அப்படியானால் அந்த முப்பத்தொன்பது நாளும் ஊரில் எவருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, எவளுக்கும் வலி எடுக்கக்கூடாது என்று உங்கள் தலைவரையே ஒரு உத்தரவு போடச் சொல். வெட்கங்கெட்ட மனுஷன்.

வெளிநாட்டுக்காரன் வாயைப் பிளக்க வேண்டுமென்றால் எங்கள் கக்கூஸுக்கு அழைத்துவா. இந்தக் குளிரில் குழிக்குள் எதுவும் இறங்காது. விழுந்தது விழுந்த இடத்திலேயே உறைந்து, அதன் மேல் அடுத்தது உறைந்து, டிசம்பருக்குள் ஒரு தூண் பலகைக்கு மேலே தலையை நீட்டும். கடப்பாரையால் இடித்துத் தள்ள வேண்டும். சிதறும் துணுக்குகள் கம்பளிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். வெளியே வாசனை கிடையாது. வீட்டுக்குள் வந்து அடுப்பருகே நின்ற பிறகுதான் தெரியும், எதைச் சுமந்து வந்தோம் என்று. இந்த வாரம் என் முறை. தாரியா ஜன்னலில் நின்று, "அக்கா, நல்லா இடிங்க, உலக சாதனையாச்சே!" என்று கத்துகிறாள். உன் யோசனை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஊர்த் தலைவர் ஸ்டெபான் இப்போதே மீசைக்கு எண்ணெய் தடவுகிறார்.

இன்னொன்று. நான் மூன்று மணிக்கொரு முறை வேலிக்குள் போய், கண்ணாடிக் குழாயில் சாராயம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை எழுதி, வானொலியில் வானிலை மையத்துக்குச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. குளிரை நான் தயாரிப்பதில்லை. என்னிடம் கேட்டுப் பயனில்லை.

இன்று நண்பகல் மைனஸ் நாற்பத்தாறு. உன் கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

அகுலினா


யாகுத்ஸ்க்
21 டிசம்பர் 1997

அன்பு அக்காவுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் நலம், கால் வீக்கம் பாதி வடிந்தது. நீ சூடாக இருக்கிறாயா?

பதினாறு நாள்! டிசம்பர் ஆறிலிருந்து ஒரு தடவைகூட ஐம்பதைத் தாண்டவில்லை! அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டி ஒவ்வொரு நாளும் கோடு போடுகிறோம். தலைவர் தினமும் வந்து என் முதுகில் தட்டுகிறார். ஆறு மாதமாக என் பெயரே தெரியாதவர்.

வெளிநாட்டிலிருந்து ஒரு படக்குழு வருகிறது, நான்கு பேர். ஸ்டெபானிடம் சொல்லியாயிற்று. நீ கொஞ்சம் சிரித்த முகமாக இரு. கக்கூஸ் கதையைத் தயவுசெய்து சொல்லாதே.

சும்மா ஒரு சந்தேகம்: நாற்பத்தொன்பது புள்ளி எட்டு மாதிரி வந்தால் ஐம்பது என்று முழுமையாக்கி எழுதுவது உங்கள் வழக்கத்தில் உண்டா? கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

ப்ரோகோபி


தாஸ்-எபெ
2 ஜனவரி 1998

ப்ரோகோபிக்கு. புத்தாண்டில் உங்கள் அனைவருக்கும் நலம் உண்டாகட்டும். எனக்கு நலம் போய் ஒரு வாரமாகிறது, உன் விருந்தாளிகள் வந்த நாளிலிருந்து.

கொதிக்கும் தண்ணீரை மேலே வீசினால் புகையாகிப் போகுமே, அதைப் படம் பிடித்தார்கள். ஒரு முறை அல்ல, பதினொரு முறை. வீசியவள் தாரியா. "என் டீத்தண்ணி பூராவும் ஆகாசத்துக்குப் போச்சு. பன்னெண்டாவது தடவ கேட்டான்னா அவன் தலயிலதான் ஊத்துவேன், அதயும் படம் எடுத்துக்கட்டும்" என்றாள். குதிரைகள் போதுமான அளவு உறைந்து தெரியவில்லை என்று கவ்ரிலை அழைத்து, அவற்றின் முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள். தம்பி, உயிருள்ள குதிரையின் கண்ணில்! கவ்ரில் பேசுகிறவன் அல்ல. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். ஸ்டெபான்தான், தூ, நம் ஊர்த் தலைவர்தான், தன் மகளின் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அப்புறம் அவர்களுக்கு உறைந்த குட்டிக்குதிரை ஈரலைச் சீவிப் போட்டோம். கேமராவுக்கு முன்னால் ஆஹா ஓஹோ என்று தின்றார்கள். பின்னால் போய் என் வாசற்படியில் கக்கினார்கள். அது அங்கேயே உறைந்து கிடக்கிறது. வழுக்காமல் தாண்டித்தான் நான் அளவு பார்க்கப் போகிறேன்.

உன் 'சும்மா ஒரு சந்தேகத்துக்கு' பதில்: இல்லை. நாற்பத்தொன்பது புள்ளி எட்டு என்றால் நாற்பத்தொன்பது புள்ளி எட்டுத்தான். இதை நீ கேட்டதே எனக்குக் குமட்டுகிறது. அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது. உனக்குச் சோறும் சட்டையும் மட்டும்தான் கொடுத்தேனா, வேறு ஒன்றுமே கொடுக்கவில்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இருபத்தெட்டு நாள் ஆயிற்று. இன்னும் குளிர்கிறது. அதற்கு நானும் பொறுப்பில்லை, நீயும் இல்லை.

அகுலினா


யாகுத்ஸ்க்
6 ஜனவரி 1998

அக்கா, வணக்கம். உன் கடிதம் வந்தது. நீ சொன்னது எல்லாமே சரி.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நேற்று முன்தினம், மூன்று கிலோ நூறு. தாயும் சேயும் நலம். உன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், அகுலினா. சர்கிலானா தானாகவே சொன்னாள், நான் சொல்லவில்லை. குழந்தையை இப்போது மேசை இழுப்பறையை உருவி, அதில் துணி போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம். சிரிக்காதே, வேறு இடமில்லை. மாமியார் இருமும்போதெல்லாம் நான் எழுந்து இழுப்பறைக்கு முன்னால் நின்றுகொள்கிறேன்.

இன்னும் ஏழே நாள். வானிலைக்காரர்கள் பத்தாம் தேதிக்கு மேல் மேகம் வரலாம் என்கிறார்கள். மேகம் வந்தால் வெப்பம் ஏறும் என்று எனக்கும் தெரியும், நானும் அந்த வேலிக்குள் உன் பின்னாலேயே சுற்றியவன்தானே.

நான் எதுவும் கேட்கவில்லை அக்கா. ஒரு நாள், ஓரிரு மணி நேரம், அந்த வேலிக்குள் உன்னைத் தவிர யாரும் இல்லை. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது. இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

உன் காலில் விழும்
ப்ரோகோபி


தாஸ்-எபெ
19 ஜனவரி 1998

ப்ரோகோபிக்கு. குழந்தை நலமாக வளரட்டும். தாய்க்கு என் ஆசிகள்.

முப்பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. மையத்துக்குப் போன எண்களை நீயே பார்த்திருப்பாய்.

தாரியா இறந்துவிட்டாள். குடல்வால் வெடித்துவிட்டது. பதினோராம் தேதி காலையில் வலி தொடங்கியது, பதினான்காம் தேதி மாலை போய்விட்டாள். முப்பத்துநான்கு வயது. ஹெலிகாப்டர் வர முடியவில்லை. பன்னிரண்டாம் தேதி கவ்ரில் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். நாற்பது கிலோமீட்டரில் அச்சு முறிந்துவிட்டது, இரும்பு இந்தக் குளிரைத் தாங்காது. திரும்ப இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

குழிக்கு மூன்று நாள் நெருப்பு எரித்தோம். நெருப்பு வைப்பது, ஒரு சாண் இளகியதும் தோண்டுவது, மறுபடி நெருப்பு வைப்பது. கவ்ரில் மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.

முழங்கால் பரவாயில்லை.

அகுலினா


யாகுத்ஸ்க்
8 பிப்ரவரி 1998

என் பொன்னான அக்காவுக்குக் கோடி வணக்கம்! குழந்தை நலம், நாங்கள் எல்லோரும் நலம், நீ நலமாக இருக்க வேண்டும்.

தாரியா செய்தி கேட்டு மனம் மிகவும் வருந்தினேன். நல்ல பெண். கவ்ரிலுக்கு என் அனுதாபத்தைச் சொல்.

அக்கா, வேலை நிரந்தரமாகிவிட்டது! ஆணை கையில் இருக்கிறது. வீடு மூன்றாம் மாடி, இரண்டு அறை, குழாயில் வெந்நீர். சர்கிலானா காலி வீட்டின் நடுவில் நின்று அழுதாள். பதினோராம் தேதி நண்பகல் எண்ணைப் பார்த்தபோது என் நெஞ்சு நின்றே போயிற்று. ஐம்பத்தொன்று! சுற்றிலும் எல்லா ஊரிலும் ஏறியிருந்தது, நம் பள்ளத்தில் மட்டும் ஏறவில்லை. கிழவிகள் கதையில் குளிரைக் கொண்டுவரும் குளிர்க் காளை நம் ஊரில்தான் படுத்திருந்தது என்று தலைவர் பேட்டி கொடுத்தார். நீ என்னைத் திட்டியபோதே எனக்குத் தெரியும், நீ என் அக்கா என்று.

ஏப்ரலில் அமைச்சக அதிகாரிகளோடு வருகிறோம். ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பெரிய பலகை, 'முப்பத்தொன்பது நாள்' என்று இரும்பு எழுத்தில். உனக்கு ஒரு பதக்கம்.

இன்னொரு விஷயம், தவறாக நினைக்காதே. புத்தகத்தில் 'ஹெலிகாப்டரும் வராத ஊர்' என்று ஒரு பக்கம் வைக்கிறோம். தாரியாவின் கதையைப் பெயர் போடாமல் நான்கு வரி எழுதலாமா? படிக்கிறவர்கள் மனதைத் தொடும். கவ்ரில் குதிரையோடு நிற்கிற படம் ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும்.

ப்ரோகோபி


யாகுத்ஸ்க்
27 பிப்ரவரி 1998

அன்பு அக்கா, நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. கேஷாவைக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாய், பேசவில்லை, கடிதம் ஒன்றும் கொடுக்கவில்லை என்கிறான். உடம்புக்கு ஏதாவதா? குட்டி அகுலினா சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

விழாவுக்கு உனக்கு ஒரு பட்டுச் சட்டை தைக்கிறார்கள், தோள் அளவு அனுப்பு. பலகைக்கு இரண்டு மீட்டர் குழி வேண்டும். மண்ணை இளக்கித் தோண்ட ஆள் வைக்கச் சொல்லி ஸ்டெபானுக்கு எழுதிவிட்டேன்.

படத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே?

ப்ரோகோபி


தாஸ்-எபெ
15 மார்ச் 1998

ப்ரோகோபி,

குழந்தை சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நல்லது. நீங்கள் மூவரும் நலமாக இருங்கள். இதை உட்கார்ந்து படி.

ஜனவரி பதினோராம் தேதி காலை ஒன்பது மணிக்கு மைனஸ் ஐம்பத்துமூன்று. பத்து மணிக்கு மேல் மேல்காற்று இறங்கியது, மேகம் மூடியது. மூச்சு விட்டால் காதருகே சரசரவென்று உறையுமே, அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்கு வேலிக்குள் போனேன். நாற்பத்தாறு புள்ளி எட்டு. விளக்கை வைத்து மூன்று முறை பார்த்தேன். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே வந்து மையத்துக்கு ஐம்பத்தொன்று என்று சொன்னேன். குரல்கூட மாறவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் பொய், தண்ணீர் குடிக்கிற மாதிரி வந்தது.

அப்போது தாரியாவுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியாது. இதை எழுதிவிட்டு இங்கேயே நிறுத்திவிடலாம் என்று ஒரு மாதமாக நினைத்தேன். பாதி உண்மை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார்.

பன்னிரண்டரைக்கு மருத்துவ உதவியாளர் மாட்ரியோனா ஓடிவந்தாள். "தாரியாவுக்கு வயித்துல கல்லு மாதிரி இருக்குக்கா, குடல்வாலாத்தான் இருக்கணும், ஹெலிகாப்டர் கேட்டிருக்கேன், அவங்க உங்ககிட்டதான் பேசணுமாம்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அருகிலேயே நின்றாள். விமானி வானொலியில் வந்தான், சின்னக் குரல். "அம்மா, இங்க மேகம் போட்டு நாப்பத்தஞ்சு இருக்கு. வண்டிய சூடு பண்ணி வெச்சிருக்கோம். அங்க எவ்ளோ?"

நான் ஐம்பத்தொன்று என்றேன்.

"நெசமாவா அம்மா? இன்னொரு தடவ பாத்துச் சொல்ல முடியுமா?"

"இப்பத்தான் பாத்தேன். மையத்துக்கும் சொல்லியாச்சு."

"அம்பதுக்குக் கீழன்னா எறங்க அனுமதி இல்லம்மா. மாறுனா ஒடனே கூப்பிடுங்க" என்றான். பாவம், கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

என்ன நினைத்தேன் என்று கேட்பாய். சொன்ன எண்ணை அரை மணியில் மாற்றினால் பிடிபடுவேன் என்று நினைத்தேன். வயிற்று வலிதானே, நாளைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். இழுப்பறையை நினைத்தேன். எல்லாவற்றையும் நினைத்தேன், தாரியாவைத் தவிர. மூன்று மணிக்கு மேகம் கலைந்து உண்மையாகவே ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. அதன் பிறகு ஏறியது பதினான்காம் தேதி இரவில், அவள் போன பின்புதான். ஹெலிகாப்டர் வர ஒன்றரை மணி நேரம்தான்.

அவள் படுத்திருந்த மூன்று நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயில் பச்சையாக வழிந்துகொண்டே இருந்தது, துடைத்தேன். அந்த வலியிலும், "அக்கா, முப்பத்தொம்பது ஆயிடுச்சா? உங்க தம்பிக்கு வீடு கெடச்சிரும்ல?" என்றாள். கவ்ரில் எனக்கு நன்றி சொல்லி ஒரு தொடைக் கறி கொண்டுவந்து வைத்தான். அதை நாய்க்கும் போட முடியவில்லை, நானும் தின்ன முடியவில்லை.

படக்குழுவைப் பார்த்து அருவருத்தேன். உன் தலைவரை, ஸ்டெபானை, உன் புத்தகத்தை, உன் நான்கு வரியை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊரை நாற்றம் என்றேன். நாற்றம் என் கையிலிருந்துதான் வந்திருக்கிறது. உன்னை இனிமேல் திட்டக்கூட எனக்கு வாயில்லை. நீ கேட்டாய், அவ்வளவுதான். கொடுத்தது நான்.

குழி தோண்ட ஸ்டெபான் யாரை வைத்தார் தெரியுமா? கவ்ரிலை. உறைந்த மண்ணை அவனைப்போல் யாரும் நேராகத் தோண்டுவதில்லையாம், ஜனவரியில் எல்லோரும் பார்த்தார்களாம். நேற்று அவன் சதுக்கத்தில் நெருப்பு வைத்து, ஒரு சாண் தோண்டி, மறுபடி நெருப்பு வைத்துக்கொண்டிருந்தான். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. போனேன்.

"கவ்ரில், அன்னிக்கு மத்தியானம் அம்பத்தொண்ணு இல்ல. நாப்பத்தாறு. நான் பொய் சொன்னேன். ஹெலிகாப்டர் வந்திருக்கும்."

அவன் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். "எவ்ளோ நேரம் நாப்பத்தாறு இருந்துச்சு?" என்றான்.

"மூணு மணி நேரம். கொஞ்சம் கொறச்சல்."

"வர ஒண்ணர."

"ஆமா."

விரலை மடக்கி ஏதோ கூட்டிப் பார்த்தான். பிறகு பனியை அள்ளி அள்ளி நெருப்பின் மேல் போட்டு அணைத்தான். என்னை அடிப்பான் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மையத்துக்கு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். தேதி, மணி, எண், விமானி கேட்டது, நான் சொன்னது. உன் பெயரை எழுதவில்லை. அது உனக்காக அல்ல. எழுதினால் பழியைப் பங்கு போடுகிற மாதிரி இருந்தது.

அகுலினா


யாகுத்ஸ்க்
19 மார்ச் 1998

அக்கா, மையத்துக்கு எழுதியதை அனுப்பிவிட்டாயா, இன்னும் கையில் இருக்கிறதா? அனுப்பவில்லை என்றால் நான் வரும்வரை அனுப்பாதே. தாரியா இனி வரப்போவதில்லை. கேஷா நாளையே திரும்புகிறான், அவனிடமே பதில் கொடு.


தாஸ்-எபெ
26 ஏப்ரல் 1998

தம்பி ப்ரோகோபிக்கு அக்கா அகுலினா எழுதுவது. நீ நலமா, சர்கிலானா நலமா, குழந்தைக்குப் பல் முளைக்கிறதா? நான் நலம் என்று எழுதப் பழகிய கை, எழுதாமல் நிற்கிறது.

உன் சீட்டு வருவதற்கு முன்பே மையத்துக்குக் கடிதம் போய்விட்டது. உனக்கு எழுதியதும் அதுவும் ஒரே லாரியில்தான் போயின. பதில் வந்துவிட்டது. பதினோராம் தேதியை அடித்துத் திருத்திவிட்டார்கள். நம் கணக்கு முப்பத்தாறில் நிற்கிறது. பொரோ-அலாஸ்காரர்கள் தங்கள் ஊர் வாசலில் பலகை வைக்கப்போகிறார்களாம். வைக்கட்டும். உன் வேலை என்னவாயிற்று என்று கேஷா சொன்னான். வீட்டையும் கேட்கிறார்களாமே. குழந்தையை நினைத்தால் வயிறு எரிகிறது. உன்னை நினைத்தால் எதுவும் எரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். கையெழுத்து வாங்கினார். வழக்கு உண்டா என்பதை மேலே முடிவு செய்வார்களாம். வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் பதிலுக்கு ஆள் வரும்வரை நானேதான் அளக்க வேண்டுமாம், இந்த ஊருக்கு வர யாரும் சம்மதிக்கவில்லையாம். பொய் சொன்னவள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதே பேனாவை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சீ.

ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. மாட்ரியோனா எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறாள். கவ்ரில் மட்டும் வருகிறான். ஒரு நாளும் தவறாமல், காலை ஒன்பதுக்கும் நண்பகலுக்கும் மூன்றுக்கும். குதிரைகளை எங்கே விட்டாலும் அந்த நேரத்துக்கு வந்துவிடுகிறான். வேலிக்கு வெளியே நிற்கிறான். நான் பார்த்து முடித்ததும், "எவ்ளோ?" என்கிறான். சொல்கிறேன். பிறகு வேலிக்கதவைத் திறந்து உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, குனிந்து, தானும் பார்க்கிறான். சரியாக இருந்தால் தொப்பியைப் போட்டுக்கொண்டு போகிறான்.

இன்று ஒன்பது மணிக்கு மைனஸ் பதினொன்று புள்ளி நான்கு என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனான்.

அகுலினா